மெஹபூபின் கரகரப்பு

யேசுதாஸ் கொச்சிக்காரர். மெஹபூபும் கொச்சிக்காரர்தான், அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஊரில் யாரிடம் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அது முதலாமவரிடம் போய் நிற்கும். எனக்கு இரண்டாமவர் போதும்.

யேசுதாஸின் குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கலே அதுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனின் பாட்டை அவர் பாடினால் மூட்டையின் கனம் போய்விடும். மெஹபூப் பாடினால் தோள் வலிக்கும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரலில் ஒரு கரகரப்பு ஏறும். சொல்லின் கடைசி எழுத்தை இசைக்காமல், பேச்சில் விடுவதுபோல் விட்டுவிடுவார். தக்கனி உருது பேசும் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய மலையாளத்தில் எங்கோ ஒரு உருது வளைவு இருந்துகொண்டே இருக்கும். அந்த வளைவுக்காகவே ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன்.

‘நீலக்குயில்’ (1954), ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) என்று சினிமாப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். சினிமா அவரைச் சிரிப்புப் பாட்டுக்காரராக்கி வைத்தது. ‘டாக்டர்’ (1963) படத்தில் தேவராஜன் மாஸ்டர் இசையில் ரயிலைப் பார்த்துப் பாடுவாரே, அதையும் வேடிக்கைப் பாட்டு என்றே இன்றுவரை ஒலிபரப்புகிறார்கள். அது பசியைப் பற்றிய பாட்டு. இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வராது.

அசல் மெஹபூப் இருந்தது கல்யாண வீடுகளில், இரவு நெடுநேரம் ஓடும் மெஹ்ஃபில்களில். ஒரு ஹார்மோனியம், தபலா, சுற்றிலும் துறைமுகத்து ஆட்கள். அங்கே பாடப்பட்டதுதான் ‘காயலினரிகே’. மேப்பள்ளி பாலன் எழுதியது. எந்தப் படத்துக்காகவும் எழுதியதில்லை. கொச்சிக் காயலோரத்தின் கதை அது. நான் முதலில் கேட்டது கல்வத்திப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், மெஹபூபைக் கேட்டு வளர்ந்த ஒரு கிழவர் பாடி. மைக் இல்லை. இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது பந்திக்கு எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டின் அடியில் கிடக்கிற இருட்டு வெளியூர்க்காரருக்குச் சட்டென்று பிடிபடாது. கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியில் ‘சாப்ப’ என்று ஒரு வழக்கம் இருந்தது. காலையில் கங்காணி கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசுவான். அடித்துப் பிடித்து ஒன்றை எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவன் வீட்டுக்குப் போகலாம். அதை எதிர்த்துக் கிளம்பியவர்கள்மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது, செத்தவர்கள் உண்டு. அந்த ஆண்களுக்கு முன்னால் உட்கார்ந்து பாடியவர் மெஹபூப். காயலின் அழகை மட்டும் பாடிவிட்டு எழுந்து வந்திருக்க முடியுமா?

ஒரு கதையை ஆரம்பம் முதல் முடிவு வரை இருட்டாகச் சொல்லும் இசைத்தட்டு வேண்டுமென்றால் நண்பர்கள் அமெரிக்கக் கிராமிய இசையைக் காட்டுவார்கள். வில்லி நெல்சனின் ‘ரெட் ஹெடெட் ஸ்ட்ரேஞ்சர்’ (1975) எனக்கும் உயிர். மனைவியைக் கொன்ற பாதிரியாரின் கதை, விரல்விட்டு எண்ணும் வாத்தியங்கள்; கம்பெனிக்காரர்களே இன்னும் முடியாத வேலை என்று நினைத்த தட்டு. ஆனால் அதற்காக டெக்சாஸ் வரை போக வேண்டியதில்லை என்பேன். நம் ‘யுத்தம் செய்’ கே இசையமைத்த ‘அன்னயும் ரசூலும்’ (2013) பாட்டுகளை வரிசை மாற்றாமல் கேளுங்கள். ஒரு டாக்ஸி டிரைவர், வைப்பினிலிருந்து படகேறி வரும் ஒரு பெண், நடுவே காயல். அந்தக் காதல் கரையேறாது என்பதைப் படம் சொல்வதற்கு முன்பே பாட்டுகள் சொல்லிவிடுகின்றன. ‘காயலினரிகே’யும், பாபுராஜ் இசையில் மெஹபூப் பாடிய ‘கண்டு ரெண்டு கண்ணு’ம் அதில் ஷஹபாஸ் அமனின் குரலில் திரும்ப வந்தன. இயக்குநர் ராஜீவ் ரவி அவற்றைப் பழம்பெருமைக்காக எடுத்து வைக்கவில்லை; அந்த ஊரின் கதையை அவற்றை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

ஷஹபாஸ் நல்ல பாடகர், மென்மையானவர். அந்த மென்மைமேல்தான் எனக்கு மனத்தாங்கல். அவருக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் மென்மையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்று மட்டாஞ்சேரிக் காபிக் கடைகளில் மாலை நேரத்தில் மெஹபூப் பாட்டு கேட்கிறது. எல்லாக் குரலிலும் ஒரே எதிரொலி, ஒரே பெருமூச்சு, தபலாவுக்குப் பதில் ஒரு பெட்டி. கஜல் பாடகர் உம்பாயி 2018இல் போகும் வரை நிலைமை இப்படி இல்லை. கஜலுக்கு அவர் வேறு வழி போனார், ஆனாலும் சொல்லை மெல்லாமல் விழுங்கியதில்லை.

மெஹபூப் 1981இல் இறந்தார். மேடைகளில் பாடியவற்றில் பெரும்பகுதி தட்டில் ஏறவில்லை. அவர் பெயரில் ஆர்க்கெஸ்ட்ரா நடத்தி அந்தப் பாட்டுகளைக் கைமாற்றிக் கொடுத்த உள்ளூர்க்காரர்களுக்கு நாம் பட்ட கடன் பெரியது. ‘கண்டு ரெண்டு கண்ணு’ மட்டும் ‘சுழி’ (1973) படத்தில் அவர் குரலிலேயே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் 2013ஐக் கேட்பதற்கு முன் அதைக் கேட்டுவிடட்டும்.