ஆயரின் இலச்சினையும் தோட்டத்தின் தகர வில்லையும்

இலச்சினை ஒன்றினை அலங்காரப் பொருளாகக் கண்டு கடந்துசெல்வது எளிது. அதனையே ஒரு பனுவலாகக் கொண்டு வாசிக்க முற்படுமிடத்து, அது யார் பெயரால் யாரை நோக்கிப் பேசுகின்றது எனும் வினா எழுவது தவிர்க்க முடியாததாகின்றது. கத்தோலிக்க ஆயர்களின் இலச்சினைகள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இறையியல் விளக்கத்தோடு நின்றுவிடுவர். நுவரெலியா, ஹற்றன் ஆகிய தேயிலைப் பிரதேசங்களைத் தன்னகத்தே கொண்ட கண்டி மறைமாவட்டத்தை மனங்கொண்டு, அவ்விளக்கத்திற்கு அப்பாலும் சென்று நோக்குதல் தகும்.

கேடயத்தில் குறி தீட்டும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நிலமானிய சமூகத்தின் போர்க்களத்திற் பிறந்தது. நிலவுடைமையாளராகவும் விளங்கிய ஆயர்கள் தம் முத்திரைகளின் வழியாக அதனைத் தமதாக்கிக் கொண்டனர். போர்வீரனின் தலைக்கவசம் இருந்த இடத்தில் அகன்ற விளிம்புடைய தொப்பி அமர்ந்தது. ஆயருக்குப் பச்சைத் தொப்பி. பக்கத்துக்கு ஆறு குஞ்சங்கள், ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வரிசைகளில் தொங்கும். பேராயருக்குப் பக்கத்துக்குப் பத்து. கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பியும் பதினைந்து குஞ்சங்களும். குஞ்சத்தை எண்ணிப் பதவியை அறிந்துகொள்ளலாம். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1951இல் பிரபுத்துவப் பட்டங்களையும் அவற்றின் சின்னங்களையும் ஆயர்களின் இலச்சினைகளிலிருந்து விலக்கினார். 1969ஆம் ஆண்டு அறிவுறுத்தல் ஆயர்முடியையும் செங்கோலையும் கேடயத்தின் மேலிருந்து அகற்றியது. கர்தினால்களுக்குத் தொப்பி அணிவிக்கும் வழக்கமும் அவ்வாண்டிலேயே ஒழிந்தது. ஆயினும் ஓவியத் தொப்பி மட்டும் நிலைத்துவிட்டது. அடித்தளம் மாறியவுடன் மேற்கட்டுமானமும் கூடவே சரிந்துவிடும் என நம்பும் நம்மவர் சிலர் இத்தொப்பியைச் சற்று நின்று நோக்குவது நன்று.

கேடயத்துள் இடம்பெறும் உருவங்களின் பொருள் அவ்வுருவங்களில் தாமாகவே உறைவதில்லை; உடன் வெளியிடப்படும் விளக்கவுரையே அதனை நிலைநிறுத்துகின்றது. 2013இல் பாப்பரசர் பிரான்சிஸின் இலச்சினை வெளியானபோது, புனித சூசையப்பரைக் குறிக்கும் நளத மலர் பலரது கண்களுக்குத் திராட்சைக் குலையாகவே தோன்றியது. சில நாட்களில் விண்மீனும் எண்முனை பெற்று ஓவியம் திருத்தப்பட்டது. வாசகன் கண்டதொன்று, அதிகாரம் உரைத்ததொன்று. இவ்விடைவெளியிலேயே திறனாய்வுக்கு வேலை இருக்கின்றது.

மறைமாவட்டத்தின் நிலவளத்தைக் கேடயத்தில் தீட்டுவது உலகெங்கும் காணப்படும் மரபு. மலையகத்தில் அத்தகைய கேடயம் எழுதப்படுமாயின் மலையும் தேயிலைத் தளிருமே எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். கொழுந்து எளிதில் அழகாகிவிடும் பொருள். அதனைக் கிள்ளிய விரலும், கூடையின் கயிறு பதிந்த நெற்றியும், கவ்வாத்துக் கத்தியும், விடியலிற் பெரட்டுக்கு அழைத்த தப்பொலியும் அவ்வோவியத்தில் இடம்பெறுமா? விளைபொருள் சின்னமாகி உழைப்பு மறைவதைப் பண்டவழிபாடு என மார்க்ஸ் விளக்கியது சந்தைக்கு மட்டும் பொருந்துவதன்று.

ஆயர் எனும் தமிழ்ச் சொல்லே ஆழ்ந்து நோக்கத்தக்கது. முல்லைத் திணையின் ஆயர் ஆநிரை மேய்த்து வாழும் ஒரு மக்கட் கூட்டத்தினர். திருச்சபை வழக்கில் அச்சொல் மந்தைக்கு மேலாக நிற்கும் தனியொருவரைச் சுட்டுகின்றது. பெரட்டுக்களத்தில் நாள்தோறும் தலை எண்ணப்பட்ட மக்களுக்கு மந்தை எனும் உருவகம் ஆறுதலை மாத்திரமே தந்திருக்கும் என நான் கருதவில்லை.

அவர்களுக்கும் ஒரு சின்னம் வழங்கப்பட்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட தொழிலாளரிடம் சிறு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அவர் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. கேடயம் தன் உரிமையாளரின் பெருமையைப் பறைசாற்ற, தகர வில்லையோ தன்னைச் சுமந்தவர் எவ்விடத்திற் சேர்ப்பிக்கப்பட வேண்டும் என்பதை மட்டுமே கூறிற்று. கடனைக் காட்டித் தொழிலாளரைப் பிணித்த ‘துண்டு’ 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948இல் அவர்களிற் பெரும்பாலோர் குடியுரிமையையும் இழந்தனர்.

1972ஆம் ஆண்டு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. மே மாதம் குடியரசான இலங்கை அவ்வாண்டிலேயே புதிய அரச இலச்சினையை ஏற்றது. வாளேந்திய சிங்கம், தர்மச்சக்கரம், சூரியன், சந்திரன், பூரண கும்பத்திலிருந்து எழும் நெற்கதிர்கள் என யாவும் அதில் உள. ஏற்றுமதி வருமானத்தைச் சுமந்த தேயிலை இல்லை. அவ்வாண்டு டிசெம்பரில் பதுளை மறைமாவட்டம் உருவாயிற்று. 1959 முதல் கண்டியின் ஆயராக விளங்கிய லியோ நாணாயக்கார, வசதியும் மரபும் நிறைந்த அப்பீடத்தைத் தாமே விரும்பித் துறந்து, வறிய ஊவாவின் புதிய மறைமாவட்டத்துக்குச் சென்றார். 1982இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். எந்தக் கேடயத்திலும் எழுத இயலாத வாசகம் அப்பெயர்வு.

பிரேசிலில் 1971இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பேதுரு கசல்டாலிகா முடிக்குப் பதில் அப்பிரதேச மக்களின் வைக்கோல் தொப்பியையும், செங்கோலுக்குப் பதில் துடுப்பையும், பொன் மோதிரத்துக்குப் பதில் துக்கும் பனையின் கருநிற மோதிரத்தையும் ஏற்றார். இவையும் சின்னங்களே, அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டால் இவையும் அலங்காரமாகிவிடும். ஆயினும் நிலக்கிழார்களுக்கெதிரான மக்களின் போராட்டத்தில் அவர் உடன்நின்றமையால் அத்துடுப்புக்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை. மலையகத்தில் இன்றும் லயங்களில் வாழும் பலருக்குச் சொந்த வீடும் காணியும் தீராத வினாக்களாகவே உள்ளன. ஆயரின் கேடயத்தில் கொழுந்தைத் தீட்ட முனையும் ஓவியர் அதனோடு லயத்தின் தகரக் கூரையையும் தீட்டட்டும். அதற்கு எழுதப்படும் விளக்கவுரையை வாசிக்க நான் ஆவலாயுள்ளேன்.