பச்சைத் திரைக்கு முன்னால் பாட்டி

காணொலித் தொகுப்பு மென்பொருளை முதன்முதலில் திறக்கும் ஆசிரியரும் சரி, மாணவரும் சரி, பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். பின்னணியை எப்படி மாற்றுவது? எங்கே வெட்டுவது என்று கேட்பவர் குறைவு. இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் என் வாதம். அதற்குக் காரணம் நாம் எடுக்கும் காணொலிகளிலேயே இருக்கிறது.

போட்டிக் காலத்தில் நமது புலனக் குழுக்களில் வந்து குவியும் 'தோட்டத்து நினைவுகள்' வகைக் காணொலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. அதிலும் மற்றத் தோட்டங்களிலும் கொழுந்து கிள்ளிய தலைமுறை இன்று பாட்டிகளாகிவிட்டது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். மலைச்சரிவில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், கையில் வெட்டும் இயந்திரங்கள். ஆக, படிவம் நான்கு மாணவர் ஒருவர் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ பாட்டியை உட்கார வைத்துப் பேட்டி எடுப்பது சின்ன வேலை இல்லை. பிறகு கேட்க ஆள் இருக்காது.

ஆனால் வந்து சேரும் காணொலி எப்படி இருக்கிறது? பாட்டிக்குப் பின்னால் பச்சைத் துணி. துணி இருந்த இடத்தில் இணையத்தில் எடுத்த தேயிலை மலை. அந்த மலை இந்த நாட்டு மலையா என்றுகூடச் சில வேளை சந்தேகம் வரும். தொடக்கத்தில் டிரோன் காட்சி, அடியில் புல்லாங்குழல், பாட்டி மூச்சு விட்ட இடமெல்லாம் வெட்டப்பட்டு, மூன்றே நிமிடத்தில் கதை முடிந்துவிடுகிறது.

இலக்கியத் தாளில் காலப்பின்னணி, இடப்பின்னணி, சமுதாயப் பின்னணி என்று மூன்றும் எழுதப் பழக்குகிறோம். அதே மாணவர் காணொலி எடுக்கும்போது இடப்பின்னணியை ஒரு சொடுக்கில் அழித்துவிடுகிறார். பாட்டி உண்மையில் உட்கார்ந்திருந்தது அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை. சுவரில் சாமி படம், மூலையில் பேரப்பிள்ளையின் பள்ளிப்பை, கம்பியில் காயும் துணி. தோட்டத்தைவிட்டு வந்த குடும்பம் இன்று எங்கே இருக்கிறது என்பதை அந்தச் சுவர் சொல்கிறது. அதை எடுத்துவிட்டு மலையை ஒட்டினால், அவர் இன்னும் தோட்டத்திலேயே இருப்பதுபோல ஆகிறது. அழகுக்காகத்தான் செய்தார்கள், சரி. ஆனாலும் அது பொய்த் தகவல்.

பச்சைத் திரை வேலை செய்யும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். குரோமா கீ எனப்படும் கருவிக்குப் பாட்டி யார், துணி எது என்று தெரியாது. நீங்கள் காட்டும் நிறத்தை எங்கே கண்டாலும் அது ஓட்டையாக்கிவிடும். கீழ் அடுக்கில் இருக்கும் படம் அதன் வழியே தெரியும். நம் ஆண் மாணவர்களின் கால்சட்டையே பச்சை. அளவைக் கொஞ்சம் கூட்டினால் இடுப்புக்குக் கீழே ஆள் காணாமல் போவார். பாட்டியின் கையில் ஒரு கொழுந்தைக் கொடுத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கக் கிள்ளிய அந்தக் கொழுந்தும் சேர்ந்து மறையும். திரை தேவைதான் என்றால் நீலத்துணி வாங்குங்கள். அப்போது நீலச் சேலை கட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, வெட்டு. இதற்கு நாம் எல்லாரும் பார்க்கவேண்டிய படம் பாலா இயக்கி 2013-இல் வந்த 'பரதேசி'. பி.எச். டேனியல் 1969-இல் எழுதிய 'ரெட் டீ' நாவல்தான் அதற்கு மூலம். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கிடைக்கிறது. படத்தொகுப்பு கிஷோர், ஒளிப்பதிவு செழியன். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கங்காணியின் பின்னால் தோட்டத்துக்கு நடந்து போகும் பகுதியை மட்டும் இரண்டு முறை பாருங்க. நாள்கணக்கான நடை சில நிமிடங்களாகச் சுருங்குகிறது. சுருக்குவதுதான் தொகுப்பாளர் வேலை. ஆனால் வழியில் ஒருவர் விழுகிறார்; அவரை அப்படியே விட்டுவிட்டு, மனைவியை இழுத்துக்கொண்டு கூட்டம் நகர்கிறது. அங்கே படம் அவசரப்படவில்லை. எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக்கூடாது என்ற முடிவு அந்த ஓர் இடத்திலேயே தெரிகிறது. எனக்கு ஒரு குறையும் உண்டு. நடையின்மேல் வரும் பாடல் களைப்பைக் கொஞ்சம் அழகாக்கிவிடுகிறது. காலடி ஓசை மட்டும் இருந்திருந்தால் இன்னும் கனத்திருக்கும்.

நிறத்தையும் கவனியுங்கள். அந்தப் படத்தில் தேயிலை பச்சைப் பசேலென்று இல்லை. மண்ணும் சாம்பலும் கலந்ததுபோல வெளிறிக் கிடக்கிறது. நம் மாணவர்களோ நிறச்செறிவைக் கடைசிவரை இழுத்துச் சுற்றுலா விளம்பரப் பச்சையைக் கொண்டுவருகிறார்கள். மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே பொத்தான்தான்.

பாட்டியிடம் திரும்புவோம். "அப்புறம் அவர் வரல," என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டி எட்டு விநாடி பேசாமல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய செயலிகளில் மௌனத்தைத் தானாகக் கண்டுபிடித்து நீக்கும் வசதி உண்டு. அதை அழுத்தினால் அந்த எட்டு விநாடியும் போய்விடும். அடுத்த வாக்கியம் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் நிறுத்தற்குறியைத் தப்பாகப் போட்டால் சிவப்பு மையால் வட்டமிடுகிறோமே, இதற்கும் போடுங்கள். இரும விட்ட இடம், தண்ணீர் குடித்த இடம், ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்ன இடம், இவற்றை வெட்டலாம். அவர் சொன்ன வரிசையை மாற்றி, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதுபோல ஒட்டக்கூடாது.

வெட்டிய இடம் துள்ளாமல் இருக்க எளிய வழி உண்டு. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அதே அறையில் முப்பது விநாடி ஒலிப்பதிவு செய்யுங்கள். மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, கூரைமேல் மழை எல்லாம் அதில் வரும். அதை அடி ஒலித்தடத்தில் விரித்தால் வெட்டுகள் காதுக்குத் தெரியாது. படம் துள்ளினால், பாட்டியின் கைகளைத் தனியே எடுத்த காட்சியை மேல் அடுக்கில் வையுங்கள். குரல் கீழே தொடரட்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று. 'பின்னோக்கு உத்தி கதைக்கு விறுவிறுப்பூட்டுகிறது' என்று எல்லா நாவலுக்கும் ஒரே வரியை எழுதுகிறீர்கள். பத்துத் துண்டுக் காட்சிகளைக் காலக்கோட்டில் அடுக்கி, ஒன்றை முன்னே நகர்த்திப் பாருங்கள். கணவர் இறந்த செய்தி முதலில் வந்தால், பிறகு வரும் கல்யாணக் கதையைக் கேட்பவர் வேறு மாதிரிக் கேட்பார். என்ன மாறியது என்பதை எழுதுங்கள். விடைத்தாளில் வேண்டியது அதுதான்.

பட இணைப்பே கற்கவேண்டாம் என்று சொல்லவில்லை. நேர்மையான பயிற்சி ஒன்று இருக்கிறது: இரட்டை வேடம். 1958-இல் சிவாஜி இரு வேடத்தில் வந்த 'உத்தமபுத்திரன்' காலத்தில், லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படம் எடுத்து, அதே ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் எடுக்கும் முறை இருந்தது. இப்போது கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, ஒரே மாணவரை இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக எடுத்து, இரண்டையும் இரு அடுக்காக வைத்து, மேலுள்ளதில் பாதியை வெட்டிவிட்டால் போதும். நாடகப் பகுதியின் உரையாடலை ஒருவரே இருவராக நின்று பேசலாம். கைப்பேசியின் தானியங்கி ஒளி அமைப்பைப் பூட்டிவிடுங்கள். நம் ஊரில் வெளியே எடுத்தால் இரண்டு பதிவுக்கும் நடுவில் பனிமூட்டம் இறங்கி, நடுக்கோடு பளிச்சென்று தெரியும். வகுப்பறைக்குள் எடுங்கள்.

எந்த மென்பொருள்? பள்ளிக் கணினி பழையது என்றால் ஷாட்கட் போதும். இலவசம், திறந்த மூலம். கைப்பேசிப் பதிவில் உதடும் குரலும் ஒட்டாவிட்டால், தொகுப்புக்கு ஏற்றபடி கோப்பை மாற்றித்தரும் வசதி அதிலேயே உண்டு. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் பட இணைப்புக்கான ஃபியூஷன் பகுதியும் சேர்ந்தே வருகிறது. ஆனால் அதற்கு நல்ல நினைவகம் உள்ள கணினி வேண்டும். பிளெண்டரை முதல் மாதம் தொடாதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், தலைப்புப் பெட்டியில் முதலில் 'கொழுந்து' என்று தட்டச்சு செய்து பாருங்கள். கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போனால், அந்த மென்பொருளின் எழுத்துப் பகுதிக்குத் தமிழ் தெரியவில்லை. அப்போது தலைப்பை இங்க்ஸ்கேப்பில் எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, மேல் அடுக்கில் வையுங்கள்.