ஆறு கால் பெட்டிக்குள் ஆகாயம்

போயிங் 737-800 சிமுலேட்டரை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். இறக்கை இல்லை, வால் இல்லை. ஆறு உலோகக் கால்களில் நிற்கும் ஒரு பெட்டி. விலை மட்டும் ஒரு கோடி டாலரைத் தாண்டும். பயிற்சிக்கு வரும் விமானிகளுக்கே அதில் இடம் கிடைப்பது கஷ்டம் என்பதால், விமானப் பித்துப் பிடித்த நாலு பேர் சேர்ந்து காசு போட்டு வாடகைக்கு எடுத்தால் பல சமயம் பின்னிரவு நேரம்தான் கிடைக்கும். அதற்கும் முகம் சுளிக்காமல் வருகிறார்கள்.

வருகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர். வீட்டுக் கணினியில் வருஷக்கணக்காக ஓட்டிப் பழகியவர்கள். தலைக்கு மேலே உள்ள பலகையில் எந்த சுவிட்ச் எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இன்ஸ்ட்ரக்டர் வாயைத் திறக்குமுன் இரண்டு எஞ்சின்களும் ஓடத் தொடங்கியிருக்கும். ரன்வேக்குப் போகும் வழியில்தான் மானம் போகிறது.

737-இல் மூக்குச் சக்கரம் விமானியின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. மஞ்சள் கோடு வளைகிற இடத்திலேயே திருப்பினால் சக்கரம் உள்பக்கம் வெட்டிக்கொண்டு போகும். வளைவைத் தாண்டி, ‘போச்சு, விட்டுவிட்டோம்’ என்று மனசு பதறும்போதுதான் இடது கைப்பக்கம் உள்ள சின்னத் திருப்பியைத் தொட வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், தங்கள் முறை வரும்வரை. மேலே கிளம்பியதும் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. த்ராட்டிலின் இரு பக்கமும் இருக்கும் கறுப்பு ட்ரிம் சக்கரங்கள் திடீரென்று தடதடவென்று தாமாகச் சுழலும். அவற்றின் பக்கம் முழங்காலை நீட்டியவர் மறுபடி நீட்டமாட்டார்.

இதெல்லாம் சில்லறை விஷயம். இந்தக் கருவியை ரசிக்க வேண்டியது, அது உடம்பிடம் சொல்லும் பொய்யின் நேர்த்திக்காக.

டேக்ஆஃபில் அரை நிமிஷத்துக்கு மேல் முதுகு இருக்கையோடு அழுந்துகிறது. பெட்டியோ முன்னே போக இடமில்லாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நடப்பது இதுதான்: முதலில் வெடுக்கென்று கொஞ்சம் முன்னே நகர்கிறது. பிறகு, உள்காதுக்கு எட்டாத மெல்லிய வேகத்தில் மல்லாக்கச் சாய்கிறது. கண்முன் இருக்கும் காட்சியும் பெட்டியோடு சேர்ந்தே சாய்வதால் தொடுவானம் மட்டமாகவே தெரிகிறது. முதுகைப் பிடித்து இழுப்பது புவியீர்ப்பு. வேகம் கூடுகிறது என்று உடம்பு நம்பிவிடுகிறது. பிரேக் போட்டால் பெட்டி முன்பக்கம் குனியும், அவ்வளவுதான். கண்கட்டு வித்தைக்காரர்கள் இதைப் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியிலும் சூது உண்டு. அது திரையிலிருந்து நேராக வருவதில்லை. வளைந்த பெரிய கண்ணாடியில் பட்டு, கதிர்கள் இணையாகி வருகின்றன. அதனால் ரன்வே சில அடி தூரத்தில் அல்ல, மைல் கணக்கில் தள்ளி இருப்பதாகக் கண் நினைக்கிறது. வீட்டுத் திரை எத்தனை பெரிதானாலும் இந்தத் தூரம் வராது. பெட்டிக்கும் முடியாதது ஒன்று இருக்கிறது: 60 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது உடல் இரு மடங்கு கனக்குமே, அந்தக் கனம்.

இதன் மூதாதையைச் செய்தவர் எட்வின் லிங்க். நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டனில் பியானோவும் ஆர்கனும் செய்த குடும்பத்துப் பிள்ளை. ஆர்கன் தொழிலில் பழகிய துருத்திகளைக் கொண்டே 1929-இல் ஓர் ஆடும் விமானப் பெட்டியை உருவாக்கினார். விமானப் பள்ளிகள் அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை; கேளிக்கைப் பூங்காக்கள் வாங்கின. 1934-இல் தபால் சுமக்கப் போன அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து மாண்ட பிறகே ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இன்றோ அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய ரகத்துக்கான பயிற்சியைச் சிமுலேட்டரிலேயே முடித்துவிட்டு, அந்த ரகத்தில் முதன்முதலாகப் பறக்கும்போதே பயணிகளோடு பறக்க விதிகள் இடம் தருகின்றன. காசு கொடுத்து ஏறும் ஆர்வலர்கள், லிங்கின் பழைய பூங்கா வாடிக்கையாளர்களின் வாரிசுகள் என்றே சொல்லலாம்.

சில சமயம் இந்தப் பெட்டி சாட்சியும் சொல்கிறது. 2009 ஜனவரி 15-இல் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் செயலிழந்த ஏர்பஸ் ஏ320-ஐ, 155 பேருடன் ஹட்சன் ஆற்றில் இறக்கினார் கேப்டன் சல்லன்பர்கர். புறப்பட்ட லாகார்டியா விமான நிலையத்துக்கே திரும்பியிருக்கலாமே என்ற கேள்வியை விசாரணைக் குழு சிமுலேட்டரில் சோதித்தது. மோதிய கணமே திரும்பியவர்களில் சிலர் லாகார்டியாவை எட்டினார்கள். மனிதன் நிலைமையைப் புரிந்துகொள்ள 35 விநாடி ஒதுக்கிப் பார்த்தபோது எட்ட முடியவில்லை.

ஆர்வலர்கள் கேட்பதும் இத்தகைய கண்டங்களைத்தான்: டேக்ஆஃபில் ஓர் எஞ்சினை அணைக்கச் சொல்வார்கள். முள் எதுவும் காட்டுமுன் உட்காரும் இடம் பக்கவாட்டில் வெட்டி இழுப்பதைச் சொல்லிவிடும். கால் தானாக ரட்டரை மிதிக்கும். மிதிக்காத காலுக்கு இன்ஸ்ட்ரக்டர் காட்சியை உறையவைத்துப் பாடம் எடுப்பார்.

வாய்ப்புக் கிடைப்பவர்கள் ஒன்று செய்யலாம். ஒரு லேண்டிங்கைப் பெட்டியின் அசைவோடு முடித்துவிட்டு, அதையே அசைவை நிறுத்திவைத்து இன்னொரு முறை ஓட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கட்டணத்தின் ஒரு பங்கு எதற்குப் போகிறது என்று அப்போது தெரியும்.