துணைப்பாடமாகச் செருமானியம்

தமிழாராய்ச்சி மாணவர் செருமானியத்தைத் துணைப்பாடமாகப் பயில்வதனாற் பயன் யாதென வினவுவார் உளர். சீகன்பால்கு 1713-இல் தரங்கம்பாடியில் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலை நோக்குவோம். ஆலே நகரத்துத் தலைவர்கள் அதனை அச்சிட விரும்பினாரல்லர். 1867-இல் சென்னையிற் பதிப்பித்த கெர்மான் மூலத்தில் மாற்றங்கள் செய்தார். 1869-இல் வெளிவந்த ஆங்கில ஆக்கமோ அப்பதிப்பின் வழியது, மேலும் சேர்க்கைகள் உடையது. அதனை மட்டும் கற்று, 'சீகன்பால்கின் கருத்து இது' எனத் துணிதல் எங்ஙனம் பொருந்தும்? மூலச்சுவடியைத் தழுவிய பதிப்பு 2003-இலேயே வெளிவந்தது. 2005-இல் அதற்கு ஆங்கில ஆக்கமும் உண்டாயிற்றே எனலாம், உண்மை. ஆயின் அவ்வாக்கத்தை ஒப்புநோக்கவும் செருமானியமே வேண்டும். உரையாடற் பயிற்சியளவில் நின்றுவிடும் துணைப்பாடம் இதற்கு உதவாது. தமிழ்ச் சுவடிகளை ஆர்வத்துடன் தொகுத்த அவரே தமிழர்தம் வழிபாட்டைக் கடிந்தது ஏன் என்பதனை உணர, ஆலேயில் தழைத்த லூத்தரன் பக்தியியக்க வரலாற்றையும் மாணவர் கற்றிருத்தல் வேண்டும்.