சோவியத்துச் சிறுவர் நூல்களில் கப்பற் சொற்கள்: மொழிபெயர்ப்பு நோக்கு

சோவியத்து நாட்டில் 1920, 1930களில் வெளிவந்த சிறுவர் படநூல்கள் ஓவியச் சிறப்பினாலேயே பெரிதும் பேசப்படுகின்றன. விளாதிமிர் தாம்பி வரைந்த கப்பல், விமானப் படங்களும், செகனோவ்ஸ்கியின் ஓவியங்களோடு வந்த மார்ஷாக்கின் 'அஞ்சல்' (1927) போன்றனவும் இன்று சேகரிப்போர் தேடும் பொருள்களாகிவிட்டன. இவற்றின் மொழி அந்த அளவு கவனம் பெறவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கோ அதுவே முதற் சிக்கல்.

போரிஸ் ஷித்கோவ் (1882–1938) கப்பற் கட்டுமானம் பயின்றவர், கடலோடி. அவர் மறைவுக்குப் பின் 1939இல் வெளிவந்த 'நான் கண்டவை' நூலில், சிறுவன் அல்யோஷா ஒரு பொருளை முதலில் காண்கிறான். தான் அறிந்த சொற்களால் விவரிக்கிறான். பெயர் பின்னரே பெரியவர் ஒருவரிடமிருந்து வருகிறது. கலைச்சொல்லை முன்வைத்து விளக்கத்தைப் பின்னால் தரும் பாடநூல் முறைக்கு இது நேர்மாறானது. சுருக்கம் கருதிப் பெயரை முன்னே நகர்த்தும் மொழிபெயர்ப்பில் செய்தி குறையாது. நூலின் உயிர் போய்விடும்.

பொருட்பெயர்களும் குழந்தைக்குத் தாமே விளங்குவன. 'பரஹோத்' என்பது நீராவியும் செலவும் சேர்ந்த சொல். 'நீராவிக் கப்பல்' அதற்குப் போதும். 'லெதகோல்' பனிக்கட்டியை உடைப்பது. இதனைப் 'பனியுடைப்பான்' என்றால் தமிழ்க் குழந்தைக்கு மார்கழிப் பனியே தோன்றும். 'பனிக்கட்டி' என முழுமையாகச் சொல்லுதலே தக்கது. 'சமல்யோத்' என்பதற்குத் 'தானே பறப்பது' என்பது பொருள். 'விமானம்' அவ்வாறு பிரித்தறியத்தக்கதன்று. எனவே 'வானூர்தி' சிறந்ததெனத் தோன்றலாம். ஆயினும் உருசிய நாட்டார் கதைகளின் பறக்கும் கம்பளத்துக்கு இச்சொல் முன்னரே வழங்கியது. பொறி வந்தபின் பொறிக்கும் ஆயிற்று. புட்பக விமானத்தின் பெயர் தமிழில் அடைந்த மாற்றமும் இதுவே. தனித்தமிழ் ஆர்வலர் உடன்படாமற் போகலாம். நெருங்கிய சொல் 'விமானம்' தான்.

வினைச்சொல்லில் இடர் மிகுதி. 'ப்ளாவத்' என்னும் ஒரே வினை மீனுக்கும் கட்டைக்கும் கப்பலுக்கும் வரும். தமிழில் மீன் நீந்தும், கட்டை மிதக்கும், கப்பல் ஓடும். ஆனால் உருசிய மாலுமிகள் கப்பலுக்கு அவ்வினையை விரும்புவதில்லை. கப்பல் 'செல்வதாகவே' கூறுவர். குழந்தைப் பேச்சும் மாலுமிப் பேச்சும் இங்கே பிரிகின்றன. இரண்டிற்கும் 'ஓடு' என்று எழுதினால் வேறுபாடு மறைந்துவிடும். குழந்தை கூறுமிடத்தில் 'மிதந்து போகிறது' என்றும், மாலுமி கூறுமிடத்தில் 'ஓடுகிறது' என்றும் அமைக்கலாம்.

முதலாம் பீட்டர் காலந்தொட்டு டச்சு மொழியிலிருந்து வந்த மாலுமிச் சொற்கள் உருசியத்தில் பல. கப்பலின் அடியறையைக் குறிக்கும் 'த்ரியூம்' டச்சுச் சுட்டிடைச்சொல்லையும் தன்னுள் அடக்கி வந்தது. தமிழில் அரபு வழிச் 'சுக்கான்', பாரசீக வழி 'நங்கூரம்' ஆகியவற்றை எவரும் அயலாகக் கருதுவதில்லை. இவற்றுக்குப் புதுச்சொல் புனைதல் வீண். மாறாக, மீனவரிடையே வழங்கும் 'அணியம்' என்னும் சொல்லைக் கைவிட்டுக் 'கப்பலின் முன்பகுதி' என எழுதினால், குறுக்குவெட்டுப் படத்தின் சிறு கோட்டருகே அத்தொடர் அடங்குவதுமில்லை.