விண்வெளித் தொடர்களில் வெடிப்பு

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரை முதன்முறை காணும் சிவகாசிப் பார்வையாளருக்கு அதன் விண்வெளிச் சண்டைகள் உடனே இடறும். காற்றில்லாத இடத்திலும் பட்டாசு மருந்து எரியும். எரியத் தேவையான ஆக்சிசனை அதிலுள்ள வெடியுப்பே தருகிறது. ஆனால் ஒலியைக் கடத்தக் காற்று இல்லாததால் வெடிச்சத்தம் கேட்காது. 2002இல் வந்த ஃபயர்ஃபிளை தொடர் விண்வெளிக் காட்சிகளை ஓசையின்றியே காட்டியது.

ஸ்டார் ட்ரெக்கின் பெருங்குறை ஓசையன்று. அதில் செஞ்சட்டைப் பணியாளர்கள் பலர் இறக்கிறார்கள். கதை அவர்களை உடனே மறந்துவிடுகிறது. பட்டாசு ஆலை விபத்துகளில் தொழிலாளர்களை இழந்துவரும் விருதுநகர் மாவட்டத்தில் அந்த மறதியை வெறும் கதை உத்தியாகக் கடந்துபோக இயலாது.