மிளகு, சுக்கு, சீரகம்: ஆரியசாலையில் எங்களுக்குக் கிடைத்த சொந்தங்கள்

புது ஊருக்குக் குடித்தனம் போகிற ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்ல ஆசை. பால் காய்ச்சி முடித்த கையோடு, அடிபட்ட நாய்களையும் கைவிடப்பட்ட பூனைகளையும் பராமரிக்கிற இடம் அந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு எல்லாம் மெதுவாக ஆகட்டும். அந்த இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நில்லுங்கள். ஊர் தானாக உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் குடும்பத்துக்கு அப்படித்தான் நடந்தது, அந்தச் சந்தோஷத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து நாங்கள் திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வந்தது என் கணவரின் பெரியப்பா கடைக்காக. பாத்திரக் கடை. அவருக்கு வயதாகிவிட்டது, கல்லாவில் உட்கார ஆள் வேண்டும். நான், கணவர், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், நாகர்கோவில்காரியான என் மாமியார் என நான்கு பேரும் கடைக்கு மேல்மாடியில் குடியேறினோம்.

கடை இருப்பது சாலைக் கடைத்தெருவில். அதைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை இது. கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தத் தெருவில் அரிசி, பருப்பு, வற்றல், வெல்லம், பித்தளை எல்லாம் கிடைக்கும், கூடவே தமிழும் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரக் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. இதே தெருவில் கடை வைத்துக்கொண்டுதான் ஆ. மாதவன் கடைத்தெருக் கதைகளை எழுதினார். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி புறப்பட்டு வரும்போது கூடவே வருகிற வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது எங்கள் ஆரியசாலை அம்மன் கோயிலில்தான். நம்ம முருகன் நம்ம தெருவுக்கு விருந்தாளி!

இவ்வளவு இருந்தும், வந்த புதிதில் எனக்குப் பேச ஆள் இல்லை. தெருவில் பகலெல்லாம் மூட்டை ஏறும், மூட்டை இறங்கும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், எங்களைத் தவிர.

அதை மாற்றியது ஒரு கறுப்பு நாய். எதிர்ச்சாரியில் இருக்கும் மசாலா மண்டியின் படிக்கட்டுக்கு அடியில் படுத்திருப்பாள். ஒருநாள் லோடு ஆட்டோ ஏறி அவளுடைய பின்னங்கால் நசுங்கிவிட்டது. மண்டிக்காரச் சேட்டன் யாருக்கோ போன் போட்டார். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு பழைய வேனில் வந்தார்கள். அவர்கள் வேலை செய்த விதம் இருக்கிறதே, அப்படி ஒரு நிதானத்தை நான் பார்த்ததே இல்லை! நேராகப் போய்த் தூக்கவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணோடு கண் பார்க்காமல், கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். வலியில் இருக்கிற நாய் பாசமுள்ளவரையும் கடிக்கும் என்பதால் ஒரு துண்டைத் தலைமேல் போர்த்தி, துணிப்பட்டையால் வாயைத் தளர்வாகக் கட்டி, முதுகெலும்பு வளையாமல் ஒரு பலகையில் நகர்த்தி ஏற்றினார்கள். "வருந்நோ சேச்சி?" என்று ஒரு பெண் கேட்டாள். அவர்களுடைய மீட்பகத்துக்குப் போகிற வேனில் ஏறிவிட்டேன்.

கால் போய்விட்டது, உயிர் பிழைத்தது. மண்டிப் படிக்கட்டில் கிடைத்தவள் என்பதால் அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு சாலைத் தெருவிலிருந்து வரும் ஒவ்வொன்றுக்கும் பலசரக்குப் பெயர்தான். சுக்கு, சீரகம், பெருங்காயம், ஜாதிக்காய்! பெருங்காயம் பெரிய குரல்காரன், பெயருக்கு ஏற்றபடி அவன் இருப்பதை ஒளிக்கவே முடியாது.

ஞாயிறு காலை மீட்பகத்தில் நடக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல எனக்கு அப்படி ஒரு ஆசை. முதலில் கூடு கழுவுவது. சாதாரண வேலை என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே உயிர் காக்கிற பாதி வேலை அதுதான். குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ கிருமி சாதாரண ஃபினாயிலுக்குச் சாகாது, ப்ளீச்சிங் கரைசல் வேண்டும். அதையும் அழுக்கு போகக் கழுவிய தரையில்தான் ஊற்ற வேண்டும், ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். அதனால் வேலைக்கு ஒரு வரிசை உண்டு: ஆரோக்கியமான குட்டிகள் முதலில், நோயாளிகள் கடைசியில், தனிமைக் கூட்டுக்குத் தனிச் செருப்பு, தனி வாளி. மழைக்காலத்தில் முழங்கால் வரை பூட்ஸ் போட்டே ஆக வேண்டும். கேரளத்தில் எலிக் காய்ச்சல் விளையாட்டல்ல.

பிறகு சமையல்! எங்கள் கடையில் நசுங்கிப்போன அலுமினிய அண்டா, ஒடுங்கிய தாம்பாளம், விற்காத கும்பா எல்லாம் இப்போது அங்கேதான் இருக்கின்றன. பெரியப்பாவே தேடித் தேடி எடுத்து வைப்பார். மண்டியிலிருந்து குருணை வருகிறது, கோழிக்கடையிலிருந்து கழுத்தும் ஈரலும் வருகின்றன. மஞ்சள் போட்டு, உப்புப் போடாமல், வெங்காயம் பூண்டு சேர்க்காமல் (நாய்க்கு அது விஷம்) குழைய வேகவைத்து, எலும்பைப் பொறுக்கி எடுத்து ஆறவைத்தால், அந்த வாசனைக்கு எழும் கூச்சல் கோயில் மேளத்தையே தோற்கடிக்கும். சமைத்த பண்டத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு என் வாழ்நாளில் வேறெங்கும் கிடைத்ததில்லை.

மீட்பகத்து மூத்த சேச்சி முதல் வாரமே என்னை ஊசி போட அனுப்பினார். விலங்குகளோடு பழகுகிறவர்கள் கடிபடும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அப்படிப் போட்டுக்கொண்டவரை நாய் கடித்தால் இரண்டு தவணை போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. ஆனால் கடிபட்ட உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது எல்லாருக்கும் கட்டாயம், அதன் பிறகு தாமதிக்காமல் மருத்துவமனை. இதை எங்கள் தெருவில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் நான் சொல்லியாயிற்று, இப்போது அவர்களே வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறார்கள்.

தெருவில் எல்லாருக்கும் நாய் பிடிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பயப்படுகிறவர்களின் பயம் நியாயமானது. 2022இல் நாய்க்கடிச் செய்திகள் கேரளத்தையே கலக்கின, அரசு மாநிலம் முழுக்கச் சிறப்புத் தடுப்பூசி இயக்கம் நடத்த வேண்டிவந்தது. அந்தப் பயத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் ஏ.பி.சி. என்கிற விலங்குப் பிறப்புக் கட்டுப்பாடுதான். பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, காதில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்திலேயே விடுவது. 2001இல் வந்த விதிகளை 2023இல் புதுப்பித்திருக்கிறார்கள். மாநகராட்சிக்குப் பேட்டையிலும் வண்டித்தடத்திலும் இதற்கு மையங்கள் உண்டு. தெருவிலிருந்து நாயை மொத்தமாக அகற்றினால் காலி இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வரும். ஊசி போட்ட பழைய நாய் தன் எல்லைக்குள் வேறு நாயை எளிதில் விடாது. காது வெட்டிய நாயைக் கண்டால் இப்போதெல்லாம் எங்கள் தெருச் சுமட்டுத் தொழிலாளிகள் "நம்முடெ ஆளு" என்று தட்டிக்கொடுக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

மகள் கதையைச் சொல்லியே தீர வேண்டும். புதுப் பள்ளியில் மலையாளம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. வகுப்பில் வாய்விட்டு வாசிக்க மாட்டாள். மீட்பகத்தில் சுக்கு என்றொரு நாய் கூட்டின் மூலையில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும், யார் போனாலும் நடுங்கும். "நீ வெளியே உட்கார்ந்து அவனுக்குப் பாடம் வாசி, அவனைப் பார்க்காதே" என்றார் சேச்சி. அமெரிக்காவின் மிசௌரி மாநில விலங்குக் காப்பகத்தில் 2015 முதல் பிள்ளைகளை இப்படி வாசிக்க வைக்கிறார்களாம். பயந்த நாய்க்கு மனிதக் குரல் பழகும், திக்கும் பிள்ளைக்குத் திருத்த ஆளில்லாத சபை கிடைக்கும். என் மகள் தரையில் சம்மணம் போட்டு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாரங்கள் போயின. சுக்கு திரும்பி உட்கார்ந்தான். பிறகு கம்பி வரை வந்தான். ஒருநாள் பாடப் புத்தகத்தின் மேலேயே மோவாயை வைத்துப் படுத்துவிட்டான்! இன்று அவள் மலையாளத்தில் என்னைத் திருத்துகிறாள்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, நாய் ஆகாது. ஆனால் பூனை என்றால் உருகிவிடுவார். சாலை மண்டிகளில் எலிக்காகப் பூனை வளர்ப்பது பழைய வழக்கம், அதனால் குட்டிகளுக்குக் குறைவே இல்லை. தாயை இழந்த மூன்று குட்டிகள் வந்தபோது அவற்றை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே அத்தை மடியை நீட்டிவிட்டார். குட்டி சில்லிட்டிருக்கும்போது பால் கொடுக்கக் கூடாது, செரிக்காமல் செத்துப்போகும். முதலில் சூடேற்ற வேண்டும். பசும்பால் வயிற்றைக் கெடுக்கும், பூனைக்குட்டிக்கென்று விற்கிற பால்மாவுதான் சரி. மல்லாக்கப் போடாமல் குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஊட்டியதும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவினால்தான் சிறுநீர் போகும், தாய்ப்பூனை நக்கிவிடுவதற்குப் பதில் அது. நடுராத்திரி அலாரம் அடிக்கும் முன்பே அத்தையின் குரல் கேட்கும்: "மக்ளே, வெந்நிக் குப்பி ஆறிட்டு பாத்துக்கோ." மூன்றும் பிழைத்தன! தத்துக் கொடுத்த வீடுகளுக்கு அத்தை இன்றைக்கும் கருவாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். அந்த மூன்று வீடுகளும் இப்போது எங்களுக்குச் சம்பந்தி வீடுகள்.

பறவைகளும் வருகின்றன. நைலான் பட்டக் கயிற்றில் இறக்கை சிக்கி ஒரு கிருஷ்ணப் பருந்து வந்த நாள் மறக்கவே முடியாதது. மாதவனின் நாவல் பெயராக மட்டும் எனக்குத் தெரிந்த பறவை, செங்கல் நிற இறக்கையும் வெள்ளைத் தலையுமாக ஒரு அட்டைப்பெட்டிக்குள் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. என்ன அழகு, என்ன கம்பீரம்! அந்தக் கயிற்றைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே தடை செய்துவிட்டது. வன உயிரை நாம் வைத்துக்கொள்ளக் கூடாது, இருட்டான பெட்டியில் சத்தமில்லாமல் வைத்து வனத்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பாம்பு என்றால் வனத்துறையின் 'சர்ப்பா' செயலி உண்டு. பயிற்சி பெற்றவர்களே வந்து பிடிப்பார்கள்.

இந்த வேலையில் தமிழ்ப் பெண் ஒருத்தியின் பங்கு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நாட்டியத்துக்காக நாம் கொண்டாடும் ருக்மிணி தேவி அருண்டேல்தான் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதிலிருந்து 1960இல் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ், தெருநாயைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் வழியை நாட்டுக்கே காட்டியது.

இங்கே திருவனந்தபுரத்திலும் பலரை இந்த வேலைக்குள் இழுத்த ஒரு நிகழ்வு உண்டு. 2021 ஜூனில் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற வளர்ப்பு நாயை அடித்தே கொன்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, அந்த வழக்குக்கே புரூனோவின் பெயரை வைத்தது. ஒரு நாயின் பெயர் நீதிமன்ற ஏட்டில்! எங்கள் மீட்பகத்துப் பிள்ளைகள் பலர் அந்த வருடத்தில்தான் இதற்குள் வந்தவர்கள்.

பெண்கள் தெருவிலேயே பொங்கல் வைக்கும் ஆற்றுகால் பொங்கலை நாளில் எங்கள் தெரு முழுக்கச் செங்கல் அடுப்பும் புகையும்தான். முந்தின இரவே தெரு நாய்களுக்கு வயிறு நிறையப் போட்டு, கூட்டம் இல்லாத சந்துகளுக்கு நகர்த்தி, தண்ணீர்த் தொட்டி நிரப்பிவிடுவோம். இந்த வருடம் அந்த வேலைக்கு மண்டிச் சேட்டன், கோழிக்கடைக்காரர், சுமட்டுத் தொழிலாளிகள், பூனைக்குட்டி வாங்கிப்போன டீச்சர் எல்லாரும் வந்தார்கள். வேலை முடிந்ததும் டீச்சர் அத்தைக்குத் தன் அடுப்புக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக் கொடுத்தார்.

மிளகு எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் கடை வாசலில்தான் இருக்கிறாள், மூன்று காலில், ராணி மாதிரி. சுக்குவுக்கும் சீரகத்துக்கும்தான் இன்னும் வீடு கிடைக்கவில்லை. இருவரும் ஊசி போட்டவர்கள், கருத்தடை ஆனவர்கள், சோறு போட்டால் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள், பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்வார்கள். சேர்த்து எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஒன்றைவிட்டு ஒன்று தூங்காது. வளர்க்க வசதி இல்லையென்றால் பரவாயில்லை, உங்கள் ஊர் மீட்பகத்துக்குப் பழைய செய்தித்தாளும் கிழிந்த போர்வையும் கொடுங்கள். மழை வருகிறது, போர்வை எத்தனை வந்தாலும் அவர்களுக்குப் போதாது.